பாலத்தில் நடந்து போனவர்கள்

கணக்குத் தணிக்கைப் பிரிவில் அந்த அம்மாவைக் கடுகு என்பார்கள், முதுகுக்குப் பின்னால். ஆள் உயரம் குறைவு. அந்தக் குறையைக் கோபம் ஈடுகட்டிவிடும். லிஃப்ட் வரத் தாமதமானால் லிஃப்டைத் திட்டுவார். வந்துவிட்டால், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்று திட்டிக்கொண்டே படியேறிப் போவார். ஆனால் அவர் எழுதும் குறிப்புகளில் சூடான சொல் ஒன்றுகூட இருக்காது. ‘விளக்கம் தேவை’ என்பதற்கு மேல் அவர் பேனா குரலை உயர்த்தியதில்லை. அந்த இரண்டு சொற்களுக்குப் பயந்து நீண்ட விடுப்பில் போன அதிகாரிகள் உண்டு.

ஆற்றுப் பாலத்தை ஒரு திங்கட்கிழமை அமைச்சர் திறந்து வைப்பதாக இருந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தூக்கி வைக்க வேண்டிய உத்தரம் மட்டும் நெருங்கவில்லை. முந்தின நாள் விழாவைச் சத்தமில்லாமல் ஒத்திவைத்தார்கள். பந்தல்காரர், பாட்டுக்காரர், போலீஸ் என்று எல்லாருக்கும் தகவல் போனது. போக வேண்டிய ஓரிடத்துக்கு மட்டும் போகவில்லை. திங்கட்கிழமை காலை துறையின் இணையப் பக்கத்தில் பாராட்டுகள் கொட்டின.

‘இப்பதான் குடும்பத்தோட பாலத்துல போயிட்டு வந்தோம். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது வண்டி! எங்க ஓட்டு அமைச்சருக்கே!’

‘எங்க அப்பா நடுப்பாலத்துல இறங்கி நின்னு அழுதுட்டார். இதைப் பாக்கத்தான் உசிரோட இருந்தேன்னார்.’

நடுப்பாலம் அன்றைக்கு வெறும் காற்று.

ஊரே சிரித்தது. அந்தரத்தில் நின்று அழும் அப்பாவைப் படமாக வரைந்து போட்டார்கள். பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளரும் கூடச் சேர்ந்து சிரித்தார். திருடனும் சேர்ந்து சிரித்துவிட்டால் திருட்டு முடிந்துபோன மாதிரிதான். சிரிக்காதவர் கடுகு ஒருவர்.

“சிரிங்க, நல்லா சிரிங்க,” என்றார் பக்கத்து மேசைக்காரரிடம். “சிரிச்சு முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. இத்தனை பேரும் ஓசியிலயா எழுதினாங்க? யார் வீட்டுக் காசு?”

“பாலமே இன்னும் வரல மேடம். அதைக் கேக்காம…”

“பாலம் வரல. பொய் மட்டும் எப்படிச் சொன்ன தேதிக்கு டாண்ணு வந்துச்சு? அதைத்தான் கேக்குறேன்.”

பாலத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தார். விளம்பரச் செலவு என்று ஒரு காசு இல்லை. சிமெண்டு, கம்பி, மணல், கூலி, அவ்வளவுதான். அத்தனை சுத்தமான கணக்கைப் பார்த்தாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த இரண்டு சொற்களை எழுதி அனுப்பினார். பொறியாளர் நேரிலேயே வந்தார், குரலில் சர்க்கரையோடு.

“சின்னப் பசங்க மேடம். ஏதோ ஆர்வக்கோளாறு. நாட்டுப்பற்றுன்னு வச்சுக்குங்களேன்.”

“வச்சுக்கிறேன் சார். அந்த நாட்டுப்பற்றுக்கு மாசச் சம்பளம் யார் குடுக்குறா?”

பதில் வேறு வழியாக வந்தது. பாலத்தில் நடந்து போன அதே பெயர்கள் அந்த வாரமே அவர் மேல் பாய்ந்தன. வளர்ச்சியின் எதிரி என்றார்கள். கூலிக்கு எழுதுகிறவர்கள் அவரைக் கைக்கூலி என்றார்கள். இதையெல்லாம் படித்து அவர் உதட்டைச் சுழித்ததோடு சரி. ஒன்றில்தான் கண் நின்றது: ‘கோவம் வந்தா டிவி ரிமோட்டைத் தூக்கி வாஷிங் மெஷின்ல போட்டுத் துவைக்கிற ஆளு இந்தம்மா. இவங்க கணக்குப் பாத்துட்டாலும்!’

நின்றதற்குக் காரணம், அது உண்மை. போன மாதம் நடந்தது. செய்திச் சேனலின் சத்தத்தைக் கணவர் குறைக்காததால் ரிமோட் துணிகளோடு சுழன்றது. பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கணவர், அவருக்கு போனில் ‘ஓகே’ என்பதற்கு மேல் எழுத வராது. இன்னொருத்தி நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். டயர் கடை மாடியில் ஏதோ போன் கம்பெனியில், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை என்று சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் நாத்தனார் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரிமோட் கதையை யாருடி எழுதினது?”

கத்தி நின்றது. “அண்ணி… எங்க ஆபீஸ்ல, உங்களைப் பத்தி ஆளுக்குப் பத்து பதிவு போடணும்னுட்டாங்க. லஞ்சம் வாங்குறவங்கன்னு எழுதச் சொன்னாங்க. உங்களைப் பத்திப் பொய் எழுத எனக்கு மனசு வரல. அதான் ஒரு உண்மையை எழுதிட்டேன்.”

இப்படியொரு நேர்மைக்குத் தணிக்கை விதிகளில் இடம் இல்லை.

“அடிப்பாவி! அப்ப பாலத்துல நின்னு அழுத அப்பா?”

“அதுவும் நான்தான்.” குரல் இறங்கியது. “எல்லாரும் நல்லாருக்குன்னாங்க.”

சத்தம் கேட்டு வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றார். “நம்ம அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு! அவரையாடி கூட்டிட்டுப் போய் நிறுத்தின?”

“சம்பளம் யார் குடுக்குறா?” என்றார் கடுகு.

“பேங்குக்கு வருது அண்ணி. பாலத்துக்குக் கம்பி கட்டுற ஆளுங்கன்னு எங்க எல்லாரையும் சேத்திருக்காங்க. பெரியவங்க யாராவது பார்வையிட வந்தா, மஞ்சத் தொப்பி மாட்டி ஆத்தங்கரையில வரிசையா நிக்க வைப்பாங்க. போனதும் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவாங்க.”

கடுகுக்கு இப்போதுதான் கணக்கு புரிந்தது. பாலம் கட்ட ஒதுக்கிய கூலி, பாலம் கட்டியாகிவிட்டது என்று எழுதப் போயிருக்கிறது. உத்தரம் வந்திருந்தாலும் வேலை நடந்திருக்காது. வேலையாட்கள் எல்லாரும் டயர் கடை மாடியில். நிஜமாகவே கம்பி கட்டத் தெரிந்தவர்கள் வேலை கேட்டு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் அவர் உள்ளே போய்க் கூலிக் கணக்கு சரி என்று எழுதிக்கொண்டிருந்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை எரித்தது.

“நாளைக்கு வந்து இதை அப்படியே சொல்லு. கையெழுத்துப் போடு. நீ சொல்லாட்டி ஒண்ணும் நிக்காது.”

கணவருக்கு முகம் சிவந்தது. “உனக்கு வேற சாட்சியே கிடைக்கலையா? என் தங்கச்சியைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியா?”

“ஆத்தங்கரையில தொப்பி போட்டு நின்னப்ப எங்க போச்சு உங்க மானம்?”

“வேலை போயிடும் அண்ணி,” என்றாள் நாத்தனார். “வாங்கின சம்பளத்தையும் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் நீங்களா எனக்குச் சோறு போடுவீங்க?”

“போடுவேன். ஆயுசு முழுக்கத் திட்டிக்கிட்டே போடுவேன்.”

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வழக்கம்போல டயர் கடை மாடிக்குப் போனாள். ரிமோட் கதை பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்ததால், மேலாளர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

“அந்தம்மா வீட்டுக் கதை உனக்குத் தெரியும் போல. இன்னும் ரெண்டு கொண்டா. பிள்ளை இல்லையாமே அவங்களுக்கு? அதை வச்சு நல்லாக் காரமா எழுது.”

அவள் கம்பெனி கொடுத்த போனை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்கு வந்து, கடுகின் மேசை முன்னால் நின்று, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள். ஏன் மனம் மாறினாள் என்பதை அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

விசாரணை உயர் அதிகாரியின் அறையில் நடந்தது. பொறியாளர் வெகு அமைதியாகக் கேட்டார்.

“ஒரு கம்பிகூடக் கட்டாம கூலி வாங்கியிருக்க. வேலை செய்யாம காசு வாங்கினா அதுக்குப் பேர் என்னம்மா?”

“வேலை செஞ்சேன் சார். நீங்களும் அமைச்சரும் தங்கமான மனுஷங்கன்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எழுதினேன். கம்பி கட்டுறது அதைவிடச் சுலபமா இருந்திருக்கும்.”

உயர் அதிகாரி அவசரமாகக் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“இதையெல்லாம் பதிவு பண்ண வேணாம்,” என்றார் பொறியாளர்.

“பண்ணியாச்சு சார்,” என்றார் கடுகு.

முடிவு வந்தது. பொறியாளருக்கு இடமாற்றம், வேறொரு ஆற்றுக்கு. டயர் கடை மாடி காலியாகி, பெயர் மாறி வேறெங்கோ போனது. அமைச்சருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதாம். வாங்கிய கூலி முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லி நாத்தனாருக்கு மட்டும் ஆணை வந்தது.

கடுகு அந்த ஆணையோடு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு உயர் அதிகாரியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

“இவ கட்டுவா சார். கண்டிப்பா கட்டுவா. ஆனா, இவளைக் கம்பி கட்டுற ஆளுன்னு எழுதின கை ஒண்ணு இருக்குல்ல? சரின்னு கையெழுத்துப் போட்ட கை இருக்குல்ல? அதுல என் கையும் உண்டு. எல்லாக் கையும் வரிசையா வரட்டும். இவ கடைசியா நிப்பா.”

“மேடம், மெதுவாப் பேசுங்க. மேலிடத்து விஷயம் இது. இன்னைக்கு எனக்கு நேரமும் இல்ல.”

“எனக்கு இருக்கு சார்.”

கடுகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பிப் பார்க்காமலே இன்னொன்றையும் இழுத்துப் போட்டார்.