ஃப்ரீயாக விடச் சொன்ன கை

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போன பிறகு, டைரியில் எழுத எனக்கு அதிகம் இருக்கவில்லை. ‘கையில் மாற்றம் இல்லை’ என்று தினமும் எழுதி அலுத்து, ஒருநாள் அதன் கீழே அன்று காதில் விழுந்த ஒரு வார்த்தையைக் குறித்தேன். ஃப்ரீ.

அதை முதலில் சொன்னது ஆஸ்பத்திரியில் அவள் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். “கையை ஃப்ரீயா விடுங்கம்மா.”

“நான் விட்டுத்தான் இருக்கேன் பாப்பா. அதுதான் பிடிச்சுக்கிருது.”

என் மனைவி திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஜூனில் பள்ளி திறக்கும்வரை இடத்தை வைத்திருப்பதாகத் தலைமை ஆசிரியை சிஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குள் போர்டில் எழுத வர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

பயிற்சிக்கு டவுன் பஸ்ஸில் போவோம். பெண்களுக்கு டிக்கெட் ஃப்ரீ. “உங்களத்தான் காசு குடுத்துக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு” என்பாள். வாசலை அடைத்து நிற்பவர்களிடம் கண்டக்டர் கத்துவார்: “உள்ள ஃப்ரீயாத்தானப்பா கெடக்கு, போ!” உள்ளே கால் வைக்க இடமிருக்காது.

கவனிக்கத் தொடங்கியதும் அந்த வார்த்தை எங்கும் இருந்தது. டாக்டர், மோஷன் ஃப்ரீயாகப் போகிறதா என்று கேட்டார். ஒற்றைக் கையால் சேலை கட்ட முடியாததால் நைட்டி வாங்கப் போனோம். ஃப்ரீ சைஸ், யாருக்கும் சேரும் என்றார்கள். இவளுக்குத் தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். நான் பூட்டுக் கடை வைத்திருக்கிறேன். சாவி ஃப்ரீயாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது என்று நாளெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்பவன்தான். எத்தனை வருடம் சொல்லியிருப்பேன், அது ஒரு வார்த்தை என்றே தோன்றியதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் தன் மகளோடு வந்து நின்றாள். “டீச்சர், இப்ப ஃப்ரீயாத்தான இருக்கீக? இவளுக்குச் செத்த நேரம் கணக்குச் சொல்லிக் குடுக்கலாம்ல?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவள் முந்திக்கொண்டாள். “ஜூன்ல ஸ்கூல் தெறக்குதும்மா. எனக்கு வேலை இருக்கு.”

அன்றிலிருந்து கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிப் பழகினாள். கோடுதான் வந்தது. அதையும் துடைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

மே மாதக் கடைசியில் சிஸ்டர் வரச் சொன்னார். நைட்டியோடு பள்ளிக்கு வர மாட்டேன் என்றாள். கொசுவம் வைக்க எனக்குத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல மடித்தேன், மூன்று முறை பிரித்தாள். “போர்டு பக்கம் திரும்பி நின்னா பின்னாடிதான் தெரியும். அங்க ஒழுங்கா இருக்கா பாருங்க.”

வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். சிஸ்டர் சாக்பீஸ் கொடுத்தார். “ஒண்ணும் அவசரமில்ல டீச்சர். உங்களுக்கு வந்ததை எழுதுங்க.”

இடது கையால் வலது கையைத் தூக்கிப் போர்டில் வைத்தாள். ‘அ’ எழுதத்தான் ஆரம்பித்திருப்பாள். சுழி பாதி வந்து கோடு கீழே இழுத்துக்கொண்டு போனது. கையை எடுத்தாள். விரல்கள் சாக்பீஸை விடவில்லை. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போய் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி அதை எடுத்தேன். உள்ளங்கையில் அது இரண்டாக உடைந்திருந்தது.

“வேற ஆளப் போட்டுக்கங்க சிஸ்டர்.” அவளேதான் சொன்னாள்.

“கை சரியாகட்டும் டீச்சர், அப்புறம்...”

“புள்ளைக காத்திருக்க முடியாதுல்ல.”

டஸ்டரை இடது கையில் எடுத்துப் போர்டைத் துடைத்தாள். எட்டாத இடத்தை நான் துடைக்கப் போனபோது வேண்டாம் என்றாள்.

மறுநாள் பயிற்சிக்கு நேரமானதும் அவள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன்.

“எதுக்கு?” என்றாள்.

குனிந்து செருப்பை அவள் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். தெருமுனையில் பஸ் வந்து, நின்று, போனது.