பழகிக்கொள்ள ஒரு லீவு

"ஏட்டி, சீனி வந்துட்டா?" என்று ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நிற்பவளிடம் வெயிலம்மாள் கேட்டால், கடைக்குள்ளிருந்து "வந்துட்டு, வந்துட்டு" என்று பதில் வரும். ரகசியம் சொல்லும்போதும் அதே குரல்தான். கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில், நூல் சுற்றும் பிரிவில் பத்து வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறாள். அங்கே கத்தினால்தான் பக்கத்து மிஷினில் நிற்பவளுக்குக் கேட்கும். ஷிப்டு முடிந்து அவள் வெளியே வந்தாலும் தொண்டை மட்டும் ஆலைக்குள்ளேயே இருக்கும்.

ஒல்லியான உடம்பு. வேகமான நடை. டீயை ஆறவிடமாட்டாள். தலையில் ஒட்டிய பஞ்சை வாசலில் நின்று தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருநாள் நகராட்சிக்குப் போனவள், ஏணியும் ஆளுமாகத்தான் திரும்பி வந்தாள். எங்கள் தெருவில் யாருக்கு என்ன காரியம் ஆகவேண்டும் என்றாலும் அவளைத்தான் முன்னால் விடுவோம்.

கணவர் கொம்பையா எட்டயபுரம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. இவர்களுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகப் பிள்ளை இல்லை. போன வருஷம், 2003இல், ஆடி கழிந்ததும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தத்தெடுப்பதற்காக அழைத்து வந்தார்கள். பெயர் சத்யபிரியா. குலதெய்வப் பெயராக மாற்று என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது வெயிலம்மாள் மறுத்துவிட்டாள். "அவளோடதுன்னு அவகிட்ட இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கவா?"

குழந்தை கொம்பையாவிடம் நாலு நாளில் ஒட்டிக்கொண்டது. வெயிலம்மாள் வாயைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. "தங்கம், சாப்பிட வாட்டி" என்று அவள் கொஞ்சியதே பிள்ளைக்கு அதட்டலாகக் கேட்டது. குரலைத் தணிக்கப் பார்ப்பாள். இரண்டு சொல்லுக்கு மேல் தணியாது. அதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிடும். பார்க்க வந்த இல்லத்து அம்மா, "தீபாவளி கழிச்சு வாரேன். அதுக்குள்ள பிள்ளை உங்ககிட்ட ஒட்டலைன்னா யோசிக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வெயிலம்மாள் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆலை மேலாளர் ராமசுப்புவிடம் போய் லீவு கேட்டாள்.

"பெத்தவங்களுக்குத்தாம்மா லீவு. தத்தெடுத்ததுக்கெல்லாம் இங்க வழியில்ல" என்றார் அவர்.

"தெரியும் சார். அவிய உடம்பு தேறணும்னு குடுக்கீங்க. என் உடம்பு நல்லாத்தான் இருக்கு. நானும் பிள்ளையும் இனிமேத்தான் பழகணும். அதுக்குத்தான் கேக்குதேன்."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுமே சார். அத்தனை பிள்ளைக்கும் ஒரு வீடு கிடைக்குமே."

ராமசுப்பு கெட்ட மனிதர் அல்ல. கையில் ஆர்டர் குவிந்து கிடந்தது. மிஷினுக்கு ஆள் இல்லை. முடியாது என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து தினமும் ஷிப்டு முடிந்ததும் அவர் அறை வாசலில் போய் நின்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும்போது, "லீவு சார்" என்பாள். பக்கத்து மிஷின் வெள்ளைத்தாய்கூடக் கேலி செய்தாள்: "வயிறு நோகாம பிள்ளை, வேர்க்காம லீவா? நல்ல கூத்துட்டி!" வெயிலம்மாள் மறுநாளும் போய் நின்றாள்.

கடைசியில் ராமசுப்புவே இறங்கி வந்தார். "சம்பளம் கிடையாது. திரும்பி வந்தா புதுசா சேந்தவ மாதிரிதான். இத்தனை வருஷ சர்வீஸும் போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"போகட்டும் சார்" என்றாள். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான்.

லீவு எடுத்ததும் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கொம்பையா கடைக்குப் போனதும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. வெயிலம்மாள் கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தாள். உரித்ததைப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள். சைகையில் பேசினாள். நாங்கள் போனால் எங்களையும் வாய்மேல் விரல்வைத்து அடக்கினாள். ஆலை இரைச்சல் காதைவிட்டுப் போகப் போக, குரலும் மெல்ல இறங்கியது. கடலை தீர்ந்தது, பிள்ளை வரவில்லை. "வருவா. எனக்கு என்ன அவசரம்?" என்று என்னிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் தெருவில் போன ஆட்டுக்குட்டியின் பின்னால் சத்யபிரியா இறங்கி ஓடி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கரிசல் காட்டுக்குள் போய்விட்டாள். நனைந்த கரிசல் பெரியவர்கள் காலையே விடாது. பிள்ளை முழங்கால்வரை புதைந்து நின்றது. கொஞ்சம் தள்ளி மழைநீர் நிரம்பிய பள்ளம்.

"ஏட்டி! அசையாத! அங்கனயே நில்லு!"

தெருவே வெளியே வந்துவிட்டது. கத்திய வெயிலம்மாள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் பாடும் போயிற்று என்றே நினைத்திருப்பாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு இரண்டு கைகளையும் அவளை நோக்கித் தூக்கியது.

சேற்றில் இறங்கி அள்ளிக்கொண்டவள் வீட்டுக்குப் போகவில்லை. கழுத்துவரை கரிசலோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரே சைக்கிள் கடைக்கு நடந்தாள். கொம்பையா எழுந்து நின்று பார்த்தார். பிறகு கைத்துணியை எடுத்துப் பிள்ளையின் காலில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டார்.

தீபாவளி கழிந்து இல்லத்து அம்மா வந்தபோது, பிள்ளை வெயிலம்மாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. அவர் சிரித்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

தை பிறந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் ஆலைப்பக்கம் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்களோடு வரிசையில் நின்றாள். கொம்பையா பிடித்து நின்ற சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்த சத்யபிரியா, அவள் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் வீறிட்டாள். "அம்மா! அம்மா!"

"பிள்ளை ஏங்கிப்போகும். திரும்பிப் பாக்காம வாட்டி" என்று வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்தபடி கையைப் பிடித்து இழுத்தாள். கொம்பையாவும் அவசரமாகச் சைக்கிளைத் திருப்பினார்.

வெயிலம்மாள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அழுதா, பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றாள் வாட்ச்மேனிடம். "என்னைத் தேடித்தான் அழுதா!"

ஆலைச் சங்கு ஊதியது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்தார். அவள் ஒரு கையால் கேட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மறு கையைக் கொம்பையாவைப் பார்த்து, கொஞ்சம் நில்லுங்க என்று உயர்த்தினாள்.