லாபம் சொன்ன குரல்

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் நேராக மனோகரனையே போய்ப் பார்க்கலாம். பயந்தாங்கொள்ளி இல்லை அவன். நாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். வடக்கே மலை ஆறுகளில் பல வருடம் ரப்பர் படகு ஓட்டியவன். பாறைக்குப் பாறை தூக்கி அடிக்கும் தண்ணீரில் சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டவன், இன்றைக்குக் கொள்ளிடம் என்று காதில் விழுந்தாலே பேச்சை மாற்றிவிடுகிறான்.

போன ஆடியில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆள் காதில் அது ஏறுமா? கல்லணையிலிருந்து கடல்வரை நான்கு நாள் பயணம் என்று கிளம்பிவிட்டான். கூட மூன்று பேர். சிநேகிதன் நெடுமாறன், அவன் மனைவி மலர்க்கொடி, மனோகரனின் சித்தி மகள் ஆர்த்தி. மலை ஆற்றைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் வாய்க்கால் என்று முதல் நாள் முழுக்கக் கேலி. மலை ஆறு கத்திக்கொண்டு அடிக்கும். கொள்ளிடம் சத்தமில்லாமல் இழுக்கும். அது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

சுழலைத் தாண்டியதும் படகில் எல்லோரும் முன்னாலிருந்து வரிசையாக எண் சொல்ல வேண்டும். யாரும் விழவில்லை என்று அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள். முன்னால் உட்கார்ந்தவள் மலர்க்கொடி. திருவையாறு பக்கம் நெல் விளைகிற வீட்டுப் பெண். அங்கே களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். அந்த வாய்ப்பழக்கத்தில் அவளும் “லாபம்” என்றாள். நெடுமாறன் “ரெண்டு”. ஆர்த்தி “மூணு”. பின்னால் மனோகரன் “நாலு”. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தடுப்பணையைப் படகோடு தாண்டிக் குதித்தார்கள். மனோகரன் எண்ணச் சொல்வதற்கு முன்பே “லாபம்” என்று கேட்டது. மலர்க்கொடி அப்போது பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆர்த்தியின் குறும்பு என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து படகின் முன்பக்கம் தாழ்ந்தே போனது. மூட்டைகளைப் பின்னுக்கு மாற்றினான். காற்றைச் சரிபார்த்தான். அப்படியும் தாழ்ந்தே இருந்தது... மலர்க்கொடி வேறு அடிக்கடி தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டால் இடம் பத்தவில்லை என்றாள்.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று மாலை 6.20. நல்ல மழை. அணைக்கரைக்குக் கொஞ்சம் மேலே, ஆற்று நடுவில், கைவிட்ட குடிநீர்க் கிணற்றின் சிமெண்டுத் தூண் ஒன்று. விலகுவதற்குள் மோதிவிட்டது. டம்மென்று ஒரு சத்தம். படகு கவிழ்ந்தது.

தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் மனோகரன் எண்ணச் சொல்லிக் கத்தினான்.

“லாபம்.”

“ரெண்டு!”

“மூணு!”

அப்பாடா என்றிருந்தது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். ஆளுக்கொரு பக்கமாக நீந்தி நாணல் புதரைப் பிடித்துக் கரையேறினார்கள். ஏறிப் பார்த்தால் மூன்று பேர்தான்.

மலர்க்கொடி இல்லை.

நெடுமாறன் அவள் பேரைச் சொல்லி அலறினான். ஆற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

“லாபம்.”

கிழக்கே, தண்ணீர் போகும் திசையில். அந்தப் பக்கம் அணைக்கரை மதகுகள். அதுவரை இழுத்துக்கொண்டு போனால் ஆள் தேறமாட்டாள். நெடுமாறன் குதிக்கப் போனான். மனோகரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவன் காதில் ஏதோ உறுத்தியது.

“இரு மாறா. அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கலடா.”

ஆம். மழை அடிக்கிறது. வெள்ளம் இழுக்கிறது. குரல் மட்டும் களத்தில் உட்கார்ந்து சொல்வது போல நிதானமாக வந்தது.

“லாபம்...”

நாலு பேர் மிதவைச் சட்டையிலும் ஆளுக்கொரு விசில் உண்டு. மனோகரன் தன்னுடையதை எடுத்து ஊதினான். நிறுத்தினான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

பீ...

மெலிதாக. மேற்கே, தூண் பக்கமிருந்து.

பெண்டாட்டியின் குரல் ஒரு பக்கம். விசில் ஒரு பக்கம். நெடுமாறன் அழுதுகொண்டே மேற்கே ஓடினான்.

படகுக் கயிறு சுற்றி, தூணின் கம்பியில் மாட்டிக் கிடந்தாள் மலர்க்கொடி. தண்ணீர் மோவாய் வரை ஏறியிருந்தது. மனோகரன் இடுப்புப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மீட்புக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். மற்ற இருவரும் கரையில் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது மறுபடி கேட்டது.

“லாபம்.”

பக்கத்தில்.

குரல் வெள்ளத்தை எதிர்த்து மேலே வந்துகொண்டிருந்தது.

“லாபம்.”

இன்னும் பக்கத்தில்...

அவளைச் சுற்றியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்தான். இழு என்று கத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கரையேறியதும் மலர்க்கொடி சொன்னது இவ்வளவுதான்: “நான் வாயத் தொறக்கவே இல்லண்ணே. பக்கத்துல ஒக்காந்திருந்தவர் எனக்குப் பதிலா சொல்லிக்கிட்டே போனாரு.”

கரையோரத்து வீட்டில் காத்தாயி என்ற பெண்மணி மாற்றுச் சேலையும் காபியும் கொடுத்தார். நடந்ததைக் கேட்டவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆளையா லாபம்னு எண்ணுனீங்க?”

பிறகு அவர் சொன்னார். அவருடைய சின்ன வயதில், அக்கரைக்கு அறுப்புக்குப் போன படகு அந்த இடத்தில்தான் கவிழ்ந்ததாம். ஏறும்போது கூலி மேஸ்திரி, நெல் அளக்கிற பழக்கத்தில், ஆட்களை ‘லாபம், ரெண்டு’ என்று எண்ணி ஏற்றினாராம். ஒருத்தரும் பிழைக்கவில்லை.

“ரெண்டுலேருந்து கடைசி ஆளு வரைக்கும் பொணமா எடுத்துட்டாங்க தம்பி,” என்றார் காத்தாயி, ஆற்றுப் பக்கம் பார்க்காமல். “லாபம் மட்டும் இன்னும் கெடைக்கல.”