உப்பு வெடித்தும் எழும்பாத சாச்சி

இன்று காலை மருமகள் இறால் பொரிக்கையில் அடுப்பில் சிந்திய உப்பு படபடவென வெடித்தது. எழுபது வயதுக்காரன் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

கற்பிட்டியில் எங்கள் முற்றமெங்கும் கருவாட்டு வாசம். உம்மாவின் தங்கை, என் சாச்சி, தென்னோலைக் கிடுகில் மீனைப் பரப்பியபடி ஓயாமல் கதைத்துச் சிரிப்பார். முதல் பிள்ளை பிறந்தபின் சிரிப்பும் சாப்பாடும் நின்றன. சுவரைப் பார்த்துப் பாயிலேயே கிடந்தார்.

கண்ணூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள் பெரியவர்கள். உப்பைச் சாச்சியின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார் உம்மா. வெடித்தால் கண்ணூறு கழிந்தது என்று அர்த்தம். உப்பளத்து ஈர உப்பு எப்போதுமே வெடிக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அதன்பிறகும் எழும்பாததால் சாச்சிக்குச் சோம்பேறிப் பட்டம்.

“உப்பும் வெடிச்சிட்டு, இன்னும் என்ன படுக்க?” என்று நானும் கைதட்டிக் கத்தினேன். அவர் எழும்பி, அழுதபடியே மீன் கழுவினார். தேற வருடங்கள் சென்றன.

போன வருடம் அவர் கணவர், எங்கள் சாச்சா, மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் சாச்சி மறுபடி அப்படியே படுத்துவிட்டார். இம்முறை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். “இது மனச்சோர்வு, உங்கட பிழையில்ல” என்றார் டொக்டர் சாச்சியிடம். மருந்தும், அங்கே மனம்விட்டுக் கதைப்பதுமாக இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்.

இன்று போய், அன்று கைதட்டிக் கத்தியதற்கு அழுதபடி மன்னிப்புக் கேட்டேன்.

“ஊரே சொல்லிச்சு, நீ மட்டும் ஏன்டா அழற?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பக்கத்து வீட்டுல புதுசாப் புள்ள பெத்தவளும் சிரிக்கிறதே இல்ல. அடுத்த கிளினிக்குக்கு அவளயும் கூட்டிட்டுப் போவோம்.”