மூடியில்லாத தொட்டி

என்னைப் போலவே டியூஷன் எடுத்துக் காலம் தள்ளும் உங்களுக்கும் தெரியும்: இப்போது வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் செய்வதில்லை, வாட்ஸ்அப் குரூப் செய்கிறது. அந்த குரூப்பில் இல்லாததால், வகுப்பிலேயே கணக்கைச் சரியாகப் போட்ட ஒரே பெண்ணான, என்னிடம் படிக்கும் கலைவாணிக்குப் பூஜ்யம் போட்டார்கள். அந்த மதிப்பெண் போனால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் அவளுக்கு ஏ பிரிவு கிடையாது.

போட்டோ

தகரத் தொட்டி செய்ய எவ்வளவு தகரம் வேண்டும் என்பது கணக்கு. ‘தொட்டிக்கு மூடி கிடையாது’ என்பது கடைசி வரி. பள்ளி மிஸ் கரும்பலகையைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டபோது அந்த வரி விழவில்லை. பிள்ளைகள் போட்டோவைக் கணக்குப் போட்டுத் தரும் ஆப்பில் ஏற்றினார்கள். மூடியோடு விடை வந்தது. கலைவாணியின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டிலிருக்கும் ஒரே போன் அவரோடு போய்விடும். அதனால் அவள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

கொரட்டூரில் என்னிடமே படிக்கும், அவள் வகுப்புப் பையன் பிரணவிடம், இல்லாத மூடி எங்கிருந்துடா வந்தது என்று கேட்டேன்.

“ஆப்பே போட்டுக்குச்சுக்கா. நாங்க ஒண்ணும் பண்ணல.”

முகப்பேர்

பிரணவின் அம்மா ஐ.டி.யில் இருக்கிறார். அவர்கள் வீட்டுக்கே போய், போட்டோவில் ஒரு வரி விட்டுப்போனதை குரூப்பில் சொல்லச் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

“எல்லாருக்கும் மார்க் வந்தாச்சு. நாமளா போய் எதுக்குப்பா கிளறணும்?”

பள்ளிக்கூடம்

கலைவாணியின் அப்பாவோடு நானே போனேன். எம்.எஸ்சி. கணிதம் படிப்பவள், விடுவேனா? அவளுடைய நோட்டைக் காட்டினேன், தொட்டியை வரைந்தும் காட்டினேன்.

“நாப்பது பேரும் சேர்ந்தா தப்பா போடுவாங்க?” என்றார் மிஸ்.

“நாப்பது பேர் போடலியே மிஸ், ஒரே ஆப்தானே போட்டது?”

கலைவாணியின் அப்பா குறுக்கிட்டார்: “எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா, அத மட்டும் சொல்லு மிஸ்ஸு.”

மிஸ் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். புரிந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரியாவே இருக்கட்டும்மா. இப்ப மாத்தினா நாப்பது அம்மாங்க போன் பண்ணுவாங்க. நீங்க பேசுவீங்களா?”

புது போன்

கலைவாணிக்கு அவள் அப்பா தவணையில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அவளும் குரூப்பில் சேர்ந்தாள். போன வாரம் ஒரு கணக்குக் கொடுத்தேன். பேனாவைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்துப் பாடமெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிட்ட காலத்தில், கெஞ்சுவது மட்டும்தான் எனக்கு மிச்சம்: “உனக்குத்தான் வருமே, நீயே போடேன்டி.”

“வரும்க்கா. எல்லாருக்கும் இன்னா வந்துச்சுன்னு பாத்துட்டுப் போடறேன்.”