முன்வீட்டு அக்காவின் பை

மேசன்மாரை நம்பாமல் எங்கள் பழைய வீட்டை நானே திருத்தத் தொடங்கினேன். உக்கிப்போன கூரை மரங்களைக் கழற்றி, உட்சுவரை இடித்து, எல்லாவற்றையும் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் ஓரத்தில் கொட்டினேன்.

மறுநாள் காலை முன்வீட்டு அக்கா அந்தக் குவியலைக் கிளறி, எதையோ எடுத்தெடுத்துப் பையில் போட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மா நகைகளைச் சுவருக்குள் ஒளித்துவைத்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அது இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொறுக்கவில்லை, ஓடிப்போய்ப் பையைப் பறித்தேன்.

“எங்கடை வீட்டுச் சாமானை எங்கை கொண்டு போறியள் அக்கா?”

“திறந்து பாருங்கோ” என்றார்.

உள்ளே கறள் பிடித்த ஆணிகளும் கண்ணாடித் துண்டுகளும்தான் இருந்தன.

“ஆடி அமாவாசை வருகுதெல்லே தம்பி. சனம் உந்த ஒழுங்கையாலை வெறுங்காலோடைதானே கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகும்.”

அவருடைய விரல்களெல்லாம் கீறல்.

ஆணி குத்தும் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. வேலை தொடங்கிய நாள் முதல், தடித்த சப்பாத்தில்லாமல் நான் அந்த ஒழுங்கையில் கால் வைத்ததேயில்லை.