டம்மியின் ரத்தம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் 'கொசு'. "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்தியதில் ஒட்டிக்கொண்ட பட்டம். அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்து உச்சுக்கொட்டுவதில் மன்னன். தன் ரத்தத்தை மட்டும் ஒருவரையும் தொடவிட்டதில்லை. அவருடைய அண்ணன் நாற்பத்தெட்டு வயதில், செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிரவேயில்லை. இவருக்கு இப்போது நாற்பத்தேழு.

அன்று கூடத்துக்குப் புதுப் பரிசோதனை ஒன்று வந்தது. லைப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு கொழுப்பு. மாரடைப்பு அபாயத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்லுமாம். புதுசு எது வந்தாலும் ஊழியர் ரத்தத்தில்தான் வெள்ளோட்டம். ரத்தம் எடுத்த குழாயில் பேருக்குப் பதில் 'டம்மி' என்று எழுதுவது அங்கே வழக்கம்.

"இன்னிக்கு உங்க முறை அண்ணே. கையை நீட்டுங்க," என்றாள் மெஷினைக் கவனிக்கும் பெண்.

"டீ குடிச்சிட்டேனேம்மா."

"இதுக்கு வெறும் வயிறு வேண்டாம். வேற சாக்கு சொல்லுங்க."

வேறு சாக்கு கிடைக்கவில்லை. ஐம்பதுக்குள் இருக்க வேண்டிய எண், நூற்று நாற்பத்திரண்டு என்று வந்தது.

"மெஷின் சரியில்ல," என்றார். ஊரார் ரத்தத்துக்கு அது சொன்னதெல்லாம் வேதவாக்கு. அவர் ரத்தத்துக்கு மட்டும் பழுதாகிவிட்டது. அவள் மறுபடி ஓட்டினாள். நூற்று நாற்பத்தொன்று.

"ஒண்ணு குறைஞ்சிருக்கு பாரு." வாய் மட்டும் தனியாகச் சிரித்தது.

போன் அடித்தது. கொசுதான் எடுத்தார். மாடியில் போன வாரம்தான் சேர்ந்த இதய டாக்டர். ரிப்போர்ட் அவர் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது.

"டம்மின்னு ஒரு பேஷன்ட். பேரே அதுதானா?"

"ஆமா டாக்டர். கொஞ்சம் வித்தியாசமான பேரு."

"உடனே என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

"கிளம்பிட்டாரு டாக்டர். நம்பரும் குடுக்கல."

மெஷின் பெண் வாயைப் பிளந்தாள். அவர் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினார்.

"எப்படியாவது கண்டுபிடிங்க. மாரடைப்பு வந்தே தீரும்னு இல்ல, ஆனா இதைச் சும்மா விடக்கூடாது. இன்னொண்ணு, இது பரம்பரையா வர்றது. அவருக்குப் பிள்ளைங்க இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவங்களுக்கும் பாக்கணும்."

கொசுவுக்கு மகளின் ஞாபகம் வந்தது. வீட்டில் மகளுக்கு அவருடைய மூக்கு, அவருடைய தெற்றுப்பல், அவருடைய முன்கோபம். "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று மனைவி திட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் பூரித்துப்போன மனிதர். இப்போது அதே வார்த்தை சாபமாய்க் கேட்டது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர்." குரல் யாருடையதோ போலிருந்தது. "டம்மிக்கு... ஒரு பொண்ணு இருக்கு."

டாக்டரின் குரல் இறங்கியது:

"என்ன வயசு உங்க பொண்ணுக்கு?"